இடமிருந்து வலமாக

இதழியல் முதுகலைப் படிப்பின் அங்கமாக ஆறு வாரம் உள்ளகப் பயிற்சி பெறவேண்டும் என்ற விதியை முன்னிட்டு, மதுரையில் நான் பயின்ற கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலகத்திற்குள் முதன்முதலாக நுழைந்தபோது, அலுவலகம் என்ற சொல்லுக்குரிய கம்பீரம் ஏதும் அங்கே தென்படவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, இரண்டு கணிப்பொறிகள், முனகிக்கொண்டே சுழலும் ஒரு மின்விசிறி, சுவரோரம் ஆளுயரத்திற்கு அடுக்கிய பழைய ஆண்டு மலர்கள். அவ்வளவே அதன் ஐசுவரியம்.

அங்கே நடந்த பிரதான தொழில் பிரஸ் நோட் எழுதுவது. யார் தலைமை வகித்தார், யார் முன்னிலை வகித்தார், யார் வரவேற்றார், சிறப்பு விருந்தினர் என்ன பேசினார், யார் நன்றி கூறினார் என்று எழுதுவதில் என்ன வித்தை இருக்கப்போகிறது என்று அலட்சியமாக எண்ணி, ரத்த தான முகாமைப் பற்றி முதல் நாள் நான் எழுதிக்கொடுத்த குறிப்பில், முதல் வாக்கியமே பதினோரு வரி ஓடியது. அங்கே தன்னார்வமாக உதவிவந்த மாணவர்களுள் ஒருத்தியான பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி, பென்சிலும் கையுமாக அதை முழுவதும் படித்துவிட்டு, “அண்ணே, எத்தன யூனிட் ரத்தம்னு எங்கயுமே இல்லையே?” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டாள். சாமானியனும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க எளிய தமிழில் செய்தி தரவேண்டும் என்ற கொள்கையுடைய சி. பா. ஆதித்தனார் 1942இல் தினத்தந்தியைத் தொடங்கியது இதே மதுரையில்தான் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன் நான். அந்தக் கொள்கையின் தாத்பரியத்தை அவளுடைய பென்சில்தான் எனக்குப் போதித்தது. (நீண்ட வாக்கியத்தின்மீது எனக்குள்ள மோகம் இன்னும் தெளியவில்லை என்பதை வாசகர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பார்கள்.)

இனிஷியல் விஷயத்தில் அவள் ஒரு விரதமே பூண்டிருந்தாள். ஒரே பெயருடைய பேராசிரியர் இருவரில் ஒருவருடைய இனிஷியலை மற்றவருக்குச் சூட்டிவிட்டால் விளையும் மனஸ்தாபம் ஒரு பருவம் முழுவதும் நீடிக்கும் என்று அறிந்தவளாதலால், மேடையில் விருந்தினர் அமர்ந்தவுடனே தன் நோட்டில் வரிசையாகக் கட்டங்கள் வரைந்து, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதி, ஐயமுள்ள பெயருக்கு உரியவரிடம் அவர் கைகழுவும் இடம்வரை சென்றாவது கேட்டு உறுதிசெய்வாள்.

தமிழ் இலக்கிய மாணவன் ஒருவனுக்கு வேறொரு பித்து. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறக்கப்பட்டால், ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக விகாரமடைந்து நிற்கும். ஆண்டு மலர்களின் அத்தகைய கோப்புகளையெல்லாம் யாரும் ஏவாமலே யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்தவற்றை வரிவரியாகப் படித்து, போகிற போக்கில் முன்னோர் விட்ட ஒற்றுகளையும் அவன் இட்டுக்கொண்டிருந்தான். இதற்குச் சம்பளம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது; மக்கள் தொடர்பு அலுவலரான பி.ஆர்.ஓ. சார் எப்போதாவது வாங்கித்தரும் ஜிகர்தண்டா ஒன்றுதான் கண்ட பலன். சான்றிதழுக்காக வந்தவன் அந்த அறையில் நான் ஒருவனே என்ற நினைவு என்னைச் சற்றுக் கூசவைத்தது.

புகைப்படம் எடுப்பவன் வணிகவியல் முதலாண்டு மாணவன். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் ‘நாக்’ குழுவுக்குரிய ஆவணங்களில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பொறித்த படம் வேண்டும். பத்திரிகைக்கோ அந்த எண்கள் ஆகவே ஆகா. ஆகையால், ஒரே பொன்னாடையை அவன் கைப்பேசியில் ஒருமுறையும் கேமராவில் ஒருமுறையும் பிடித்தாகவேண்டும்; விருந்தினரோ ஒருமுறைதான் சிரிப்பார். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குன்றும், டாகுமெண்டாகவே அனுப்பவேண்டும் என்பது அவன் எனக்கு உபதேசித்த ரகசியம்.

என் பயிற்சியின் கடைசி வாரத்தில் கல்லூரி நாள் விழா நடந்தது. மூவரும் மாலை ஆறு மணிக்குள் குறிப்பையும் படத்தையும் அனுப்பிவிட்டுத்தான் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மறுநாள் காலை நூலகத்தில் நாளேட்டைப் புரட்டினோம். முப்பது வரிக் குறிப்பு ஆறு வரியாகியிருந்தது. படத்தின் ஓரம் வெட்டுண்டு, மேடையிலிருந்த எழுவரில் ஐவரே மிஞ்சியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் விரலால் ஐந்து பெயர்களையும் தொட்டுப் பார்த்து, “இனிஷியல் எல்லாம் சரியா வந்திருக்குண்ணே” என்று சொல்லி, நாளேட்டை மடித்து வைத்துவிட்டு, முதல் மணி வகுப்பிற்கு ஓடினாள்.