பின்பக்கம்

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள், தினசரி காலண்டர் தாள்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள் எல்லாம் கட்டாகக் கிடந்தன. வெட்டி ஒட்டி ஒரு படம் செய்யலாம் என்று எடுத்தேன். மூலையில் மஞ்சள் தடவிய தாள்கள், மங்கிய ரோஸ் நோட்டீஸ்களோடு அழகாகச் சேர்ந்தன.

பசை தடவத் திருப்பியபோதுதான் கவனித்தேன். பின்பக்கமெல்லாம் அம்மாவின் பென்சில் எழுத்து. பால் கணக்கு, சலவைக் கணக்கு, பதினைந்து புள்ளிக் கோலம். அச்சான பக்கத்தில் தாத்தா, பெரியப்பா, மாமா பெயர்கள் பட்டங்களோடு இருந்தன. அம்மாவுக்கு எழுதக் கிடைத்தது பின்பக்கம்தான். ஒட்டினால் அதுவும் மறைந்துவிடும்.

ஜெர்மானிய ஓவியர் ஹன்னா ஹோக் 1916 முதல் பத்தாண்டுகள் பெர்லின் பதிப்பகம் ஒன்றில் தையல், எம்பிராய்டரி மாதிரிகள் வரைந்தவர். பத்திரிகைப் படங்களை வெட்டி, தளபதியின் தலையை நடனக்காரியின் உடலில் ஒட்டினார். 1919இல் தொடங்கிய அந்தப் படைப்பின் தலைப்பிலேயே சமையலறைக் கத்தி இருக்கிறது. வெட்டுவதற்கு எனக்குத் துணிச்சல் தந்தவர் அவர். ஆனால் அவர் வெட்டியவை ஆயிரக்கணக்கில் அச்சானவை. என் கையில் இருந்தது ஒரே பிரதி.

அச்சான பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, அவற்றை வெட்டினேன். அசல் தாள்களைப் பசையில்லாமல், எழுத்து மேலே தெரியும்படி, ஓரத்தில் மட்டும் நூலால் தைத்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல ரெண்டு நாள் பால் கூட எழுதியிருக்கேன்டி. பென்சில் குடு" என்றார்.

திருத்தினார். அதுவும் படத்தில் இருக்கிறது.