துருவக் கடலின் அடிமண்ணில்

வட ஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரையில் அமைந்தது பிரேமன் மாநகர். அங்கே ஆராய்ச்சி மாணவியாய் இருக்கும் எங்கள் தமக்கை மகளைக் காண நாங்கள் இருவரும் சென்றிருந்தோம். "சித்தி, பேராலயத்தை நாளை பார்க்கலாம், இன்று உங்கள் இருவரையும் வடதுருவத்துக்கு அழைத்துப் போகிறேன்" என்று அவள் நகைத்தாள். கம்பளிச் சட்டையை மறவாதிருக்கவும் சொன்னாள்.

அவள் அழைத்துச் சென்றது பல்கலைக்கழகத்திலுள்ள ஒரு குளிர்க்கிடங்கிற்கு. உள்ளே 4 டிகிரி குளிர். தரையிலிருந்து கூரைவரை அடுக்குச் சட்டங்கள். அவற்றில் கடலடியைத் துளைத்தெடுத்த மண் உருளைகள். ஒவ்வொன்றையும் ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக நறுக்கி, நெடுக்கில் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கும் மறுபாதியைப் பிற்காலத்தவர்க்கும் என வைத்திருக்கிறார்கள். அனைத்தையும் வரிசையாகக் கிடத்தினால் 150 கிலோமீட்டருக்கும் மேல் நீளுமாம்.

நாங்கள் காண வந்தவை வடதுருவத்திற்கு 250 கிலோமீட்டர் தொலைவில், லொமனோசோவ் மலைத்தொடர் என்னும் கடலடி மேட்டில் 2004ஆம் ஆண்டு எடுக்கப்பட்டவை. பனிப்பாறைகள் ஓயாது நகரும் அக்கடலில் ஒரு கப்பல் தனித்து நின்று துளையிட இயலாது. எனவே 'சோவியத்ஸ்கி சயூஸ்' என்ற ரஷ்ய அணுசக்திக் கப்பல் முன்னின்று பெரும்பாறைகளை உடைக்க, 'ஓடன்' என்ற சுவீடன் நாட்டுக் கப்பல் அவற்றைச் சிறு துண்டுகளாக்க, பின்னால் நின்ற 'விடார் வைக்கிங்' துளையிட்டது. கடலடிக்குக் கீழே 400 மீட்டருக்கும் மேல் துளைத்தார்கள்.

இத்தனை பாடும் எதற்கு? அம்மண்ணில் புதைந்துள்ள நுண்ணிய கூடுகளுக்காகவே! கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் நுண்ணுயிர்கள் மடிந்தபின் அவற்றின் கூடுகள் அடியில் படிகின்றன. பல்குச்சியின் நுனியளவு சேற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்காடியின் கீழ் வைத்தாள் எங்கள் பெண். குனிந்து பார்த்த நாங்கள் வியந்து நின்றோம். மூடியிட்ட சிமிழ்கள், சல்லடை வட்டங்கள், விண்மீன் வடிவங்கள், மெல்லிய ஊசிகள்! யாவும் கண்ணாடி போன்ற சிலிக்காவால் ஆனவை.

இக்கூடுகளின் வாயிலாக வெளிப்பட்ட வரலாறு விந்தையானது. ஏறத்தாழ 5½ கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கில் வெப்பக் கடல்களுக்கே உரிய நுண்ணுயிர்களின் உறைகள் கிடைத்தன. அன்று துருவக் கடலின் மேற்பரப்பு 23 டிகிரி வெப்பத்துடன் இருந்ததாக அச்சேற்றிலுள்ள வேதிச் சுவடுகள் காட்டின. அதற்கு மேலே, ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள அடுக்கில், நம் உழவர் நெல்வயலில் உரத்துக்காக வளர்க்கும் அசோலாவின் இனம் நிறைந்திருந்தது. ஏறத்தாழ 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் காட்சி மாறுகிறது. கடற்பனியை ஒட்டி வாழும் ஊசி வடிவ டயாட்டங்கள் தோன்றுகின்றன. பனி சுமந்து வந்த மணல் துகள்களும் உடன் கிடக்கின்றன. துருவக் கடல் உறையத் தொடங்கியதற்கு அவையே சாட்சி.

"வடதுருவம் முன்பே வெதுவெதுப்பாய் இருந்ததென்றால், இன்று பனி உருகுவதை எண்ணிக் கலங்குவானேன்?" என்று கேட்டோம்.

அவள் சிரிக்கவில்லை. "விரைவுதான் அச்சம் தருகிறது, சித்தி. அந்தப் பழைய வெப்பக் காலத்தில் காற்றில் கரி சேர்ந்ததைவிடப் பத்து மடங்கு விரைவாக இன்று நாம் சேர்க்கிறோம். அன்றைய மெதுவான மாற்றத்திலேயே உலகின் ஆழ்கடல் அடியில் வாழ்ந்த சுண்ணக்கூட்டு நுண்ணுயிர் இனங்களில் 30 முதல் 50 விழுக்காடு அழிந்துபோயின. அவற்றுக்குக் கிடைத்த அவகாசம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். இன்றைய உயிர்களுக்கு நாம் தருவதோ சில தலைமுறைகளே" என்றாள்.

எங்களிடம் மறுமொழி இல்லை. விடைபெறுமுன், பிற்காலத்தவர்க்கென ஒதுக்கிய பாதி உருளைகளை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். துருவக் கடலடியில் ஆயிரம் ஆண்டுகளில் படியும் மண் ஒன்றிரண்டு சென்டிமீட்டரே. அப்படியானால் நம் நூற்றாண்டு முழுவதற்கும் அங்கே கிடைக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அந்த மெல்லிய ஏட்டில் எந்தக் கூடுகள் இருக்கும், எவை இல்லாமற்போகும் என்பது நம் பிள்ளைகளின் காலத்திற்குள் முடிவாகிவிடும். கம்பளிச் சட்டையைக் கழற்றியபடி, பேச்சின்றி வெளியே வந்தோம்.