சாவியைத் தொடாதீங்க தம்பி!

தூத்துக்குடியில் கார் வாங்குகிறவர்களுக்கு ஷோரூமில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. இந்த ஊரில் கார் ஓடித்தான் தேயும் என்பதில்லை. சும்மா நின்றாலும் தேயும். கிழக்கே கடல், ஊரைச் சுற்றி உப்பளங்கள். காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத உப்பு. பானட்டில் படியும், கதவின் அடி விளிம்பில் படியும், பேட்டரி முனையில் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதைதான். மழையே பெய்யாத வாரத்திலும் காரின் இரும்பு இரவெல்லாம் உப்பு நீரில் நனைந்தபடி நிற்பது இப்படித்தான்.

முத்தையாபுரத்தில் ஒரு பெரியவர். துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் இருப்பது 12 வருஷப் பழைய பெட்ரோல் கார். அதில் துரு இருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை. இந்த ஊரில் அது சாதாரண விஷயம் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் ஹோஸ் பைப்பை எடுத்துவிடுவார். மேலே பளபளக்கத் துடைப்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. சக்கரத்தின் மேல்வளைவு, வண்டியின் அடிப்பாகம், கதவுக்கு அடியில் இருக்கும் சின்னத் துளைகள், இந்த மூன்றுதான் அவர் குறி. அந்தத் துளைகள் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்தவை. மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே அழுக ஆரம்பிக்கும். ஒரு ஈர்க்குச்சி போதும், அடைப்பு எடுக்க. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வேப்பிலைச் சருகு சேர்ந்தாலும் இதே ஆபத்துதான். வடிய வழியில்லாத தண்ணீர் காருக்குள் இறங்கும்.

கழுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டு போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிற வேலை. கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊருக்குத் தாமிரபரணியிலிருந்து வருகிற குடிதண்ணீரில் இரண்டு வாளி எடுக்கப்போய் வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். “மனுஷனுக்குக் குடிக்கத் தண்ணி பத்தல, தகரத்துக்கு ஆத்துத் தண்ணியில குளியலா?” கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு மொட்டைமாடி மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துவைத்து, காருக்கென்று ஒதுக்கிவிட்டார்.

தெருவில் யார் வண்டி நின்றாலும் கூப்பிடுவது அவரைத்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் காதைத்தான் தீட்டுவார். சாவியைத் திருப்பும்போது ‘கட கட கட’வென்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சக்தி இல்லை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், பேட்டரியை விட்டுவிட்டுப் பெட்ரோல், பற்றவைக்கும் மின்சாரம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். அவர் டவுசர் பாக்கெட்டில் ஒரு மல்டிமீட்டர் இருக்கும். நன்றாக சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் குற்றவாளி ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட். புது பேட்டரி வாங்கிப் போட்டும் பிரயோஜனம் இருக்காது.

ஆனால், கடற்கரை ஊரில் பாதி நேரம் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துக்கிடப்பதுதான் வழியை மறிக்கும். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, திரும்ப மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டி நெகட்டிவைக் கடைசியில் மாட்டி, மேலே வாசலின் தடவினால் முடிந்தது. அந்தத் தூள் அமிலம் கலந்தது. கண்ணில் படக் கூடாது. பக்கத்தில் நின்று பீடி பற்றவைப்பவரைத் துரத்திவிட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும்.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். வைப்பரோ ஹார்னோ திடீரென்று நின்றால் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்க்கலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போனதற்கு அதே நிறத்தைத்தான் போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றியோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துவைத்தோ ஓட்டுபவர்களை அண்ணாச்சி திட்டுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஃப்யூஸ் எரிவது ஒயர் எரியாமல் இருப்பதற்காக. அதை ஏமாற்றினால் அடுத்து எரிவது கார்.

உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் இந்த வட்டாரத்து டயர்களின் ஜென்ம விரோதிகள். டியூப்லெஸ் டயரில் முள் குத்தியிருப்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும். பிடுங்கக் கூடாது. முள் இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். பஞ்சர் கடை வரை போய்விடலாம்.

திருநெல்வேலி சாலையில் மே மாத மதியம் டெம்பரேச்சர் முள் ஏறினால் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. ஏ.சி-யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்கும் மேல் நிழலில் உட்காருவதுதான் வேலை. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திருகியவர்களுக்கு முகமும் கையும் வெந்துபோயிருக்கின்றன. ஆறிய பிறகு பார்த்துக் கூலன்ட் ஊற்றலாம். அவசரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் அடுத்த ஊர் வரை தாங்கும். பிறகு முறையாக மாற்றிவிட வேண்டும். உவர்த் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. அது ரேடியேட்டரை உள்ளிருந்து அரிக்கும்.

இவை எல்லாம் சில்லறைத் தொந்தரவுகள். தவறாகச் செய்தாலும் ஆயிரத்திலோ சில ஆயிரங்களிலோ போய்விடும். 2023 டிசம்பரில் வந்தது அப்படியல்ல.

17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே கிடந்தார்கள். அண்ணாச்சியின் தெருவில் விடிந்து பார்த்தபோது கார்களின் கதவுப் பாதி வரை தண்ணீர்.

எதிர்வீட்டுத் தம்பி டாக்ஸி ஓட்டுபவர். கடனில் வாங்கிய டீசல் கார். வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் திருச்செந்தூர் கோயிலுக்கும் சவாரி. மாதம் பிறந்தால் தவணை. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் சாவியோடு வந்துவிட்டார். வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம்.

“சாவியைத் தொடாதீங்க தம்பி.”

“ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கேன் அண்ணாச்சி. ஸ்டார்ட் ஆகலைன்னா விட்டுருதேன்.”

“அந்த ஒரு தடவதான் வேண்டாங்கேன்.”

வாக்குவாதம் கொஞ்ச நேரம் நீண்டது. அண்ணாச்சி சொன்ன காரணம் எளிமையானது. இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்குகிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீர் சிலிண்டரில் நின்றிருந்தால், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனைத் தண்ணீர் மீது மோதவைக்கும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரோடு இன்ஜின் பற்றியும் தொலைத்தால் ராடு முறிந்து பிளாக்கையே உடைக்கலாம். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் இன்னும் குறைவு என்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதேதான். சாவிக்குப் பதில் சக்கரம் சுற்றுகிறது, அவ்வளவே வித்தியாசம்.

தம்பிக்குப் பாதிதான் நம்பிக்கை. அண்ணாச்சி மேற்கொண்டு பேசவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் அத்துமீறல்தான். ஆனால், அந்த நேரத்தில் அதைவிட நல்ல ரிப்பேர் யாராலும் செய்திருக்க முடியாது.

அடுத்து இருவரும் செய்தவை: சேற்றுக்கோடு தெரியும்படி நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார்கள். தண்ணீர் பேட்டரி மட்டத்துக்குக் கீழே போனதும் நெகட்டிவ் முனையைக் கழற்றினார்கள். இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொன்னார்கள். இந்த இடத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால், அதை வெள்ளம் செய்த சேதமாக ஏற்காமல் ஓட்டியவர் செய்த சேதமாகவே பொதுவாகக் கணக்கிடுவார்கள். தனியாகப் பணம் கட்டி இன்ஜின் புரொடெக்‌ஷன் சேர்த்திருந்தால்தான் பேச்சே. தம்பியின் பாலிசியில் அது இல்லை. சாவி திரும்பியிருந்தால் மொத்த இன்ஜின் செலவும் அவர் தலையில்.

மெக்கானிக்குகள் அனைவருக்கும் அந்த வாரம் வேலை குவிந்திருந்தது. காத்திருந்த நாள்களில் தம்பியின் முகம் சரியாகவே இல்லை. சவாரி போச்சு, தவணை நெருங்குகிறது, தன் வண்டியின் சாவி இன்னொருவர் பாக்கெட்டில். அவர் மனைவி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: “எத்தன நாளுக்கு அண்ணாச்சி சும்மா நிறுத்திவெக்க?” அதற்கு அண்ணாச்சியிடம் பதில் இருக்கவில்லை. தன் காரின் கார்ப்பெட்டையும் சீட்டையும் கழற்றி மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், இறங்கிவந்து அவர்கள் வண்டியின் கார்ப்பெட்டையும் கழற்ற ஆரம்பித்தார்.

ஒருவழியாக மெக்கானிக் வந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டர் ஊறிக்கிடந்தது, அடியில் சேறும் தண்ணீரும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால்விட்ட டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்தால் ஆயில் அப்படித்தான் ஆகும். தம்பி எதுவும் பேசவில்லை. டீசல் இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் மெதுவாக இன்ஜினைச் சுற்றவிட்டபோது, ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. பிறகு ஆயிலை மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடி மாற்றி, கியர் ஆயில், பிரேக் ஆயில், ஃபில்டர்கள் எல்லாம் புதிது போட்டு வண்டி ஓடியது. செலவு வந்தது, ஆனால், நகையை அடகுவைக்காமல் சமாளிக்கிற செலவு.

அண்ணாச்சி கைவைக்காத இடங்களும் உண்டு. ஏர்பேக் ஒயர்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும், தொடமாட்டார். பிரேக் மிதி பஞ்சுபோல அமுங்கினால் வண்டியை நகர்த்தாமல் ஆளைக் கூப்பிடுவார். 2025 ஆகஸ்டில் ஊருக்குப் பக்கத்திலேயே வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்த பிறகு, தெருவில் மின்சார கார் பற்றிய பேச்சு அதிகம். அதில் இருக்கும் ஆரஞ்சு நிற கேபிள் உயிரை எடுக்கிற மின்சாரம் என்பதை எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். ஆனால், அந்த காரிலும் பெரும்பாலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி முழுசாக இருந்தாலும் வண்டி கண் திறக்காது என்று தெரிந்தபோது அவருக்கு ஒரு சந்தோஷம். அந்த முனையிலும் பூக்கும் அல்லவா!

வெள்ளம் வடிந்த கார்கள் அத்தோடு விடவில்லை. மாதங்கள் கழித்து, நல்ல வெயில் காலத்தில், தம்பியின் டாக்ஸியில் பின்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. சவாரி அடுத்த நாள் அதிகாலை. இருவரும் கதவின் உள்பலகையைக் கழற்றினார்கள். ஒயர் இணைப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. கான்டாக்ட் கிளீனரை அடித்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு பின்னாகத் தேய்த்துத் திரும்ப மாட்டினார்கள்.

“இப்பப் போடட்டுமா அண்ணாச்சி?”

“போடுங்க தம்பி.”

கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது. தம்பி கதவுப் பலகையை உடனே மாட்டவில்லை. மற்ற மூன்று கதவுகளையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரோடு அடுத்த பக்கம் போனார்.