துருவேறிய ஜாக்கி

2018ஆம் ஆண்டு தை மாதம், சேலத்தில் எங்கள் தங்கை மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சீருடன் மும்பையிலிருந்து காரிலேயே புறப்பட்டோம். தொப்பூர்க் கணவாயில், பின்னிரவு மூன்று மணிக்குச் சக்கரம் பஞ்சராயிற்று. ஸ்டெப்னி நல்ல நிலையில் இருந்தது. ஜாக்கியோ அசைய மறுத்தது. ஐந்தாண்டுகள் தொடாமல் கிடந்த அதன் மரையை மழைக்காலத்து ஈரமும் கடற்காற்றும் துருவால் பூட்டியிருந்தன.

விடிந்த பின்னரே லாரி ஓட்டுநர் ஒருவர் தம் ஜாக்கியைத் தந்து உதவினார். அது கிரீஸில் மின்னியது. "வேலை கொடுக்காத பொருள்தான் சார் முதலில் கெடும்" என்றார்.

மண்டபத்தை அடைந்தபோது தாலி கட்டியாயிற்று. தங்கை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே எங்களை மிகவும் வருத்திற்று.

அன்று முதல் மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் ஜாக்கியை வெளியே எடுக்கிறோம். மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துடைத்து உலர்த்தி, கிரீஸ் தடவி, முழுவதும் ஏற்றி இறக்குகிறோம். மூட்டுகளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். கால் மணி நேர வேலைதான்.

ஊர் செல்லும் அன்பர்களே, புறப்படுமுன் உங்கள் ஜாக்கியையும் ஒருமுறை திருகிப் பாருங்கள். முகூர்த்தம் நமக்காகக் காத்திராது.