காந்தம் ஒட்டாத சைக்கிள்

தூத்துக்குடியில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் துரு ஒரு சொந்தக்காரன் மாதிரி. சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடல் காற்றும் உப்பளக் காற்றும் புது ரிம்மின் குரோமியத்தைச் சீக்கிரமே கொப்புளிக்க வைத்துவிடும். அதனால், கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா எண்பதுகளில் ஒரு ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கி, "இந்தச் சாமான் எதுலயும் துரு பிடிக்காது" என்றபோது தெருவில் ஒருவரும் நம்பவில்லை. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தோடு நான் போனேன். பிரேமில் பட்டென்று ஒட்டியது. ரிம்மில் வழுக்கி விழுந்தது. கிராங்க், ஹேண்டில்பார், பிரேக் எதிலும் ஒட்டவில்லை. ரிம்மில் 'வைன்மான்' என்று இருந்தது, சுவிட்சர்லாந்துக் கம்பெனியாம். அம்மாவின் அலுமினியச் சோற்றுப் பானையும் இதுவும் ஒரே உலோகம் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

துரு பிடிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கிராங்கில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. தடவினால் நறநறவென்று மாவு மாதிரி வந்தது. அடியில் ஊசி குத்தினாற்போல் பள்ளங்கள். அடுத்த ஆயுதபூஜைக்கு அதைத் துடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அம்மா புளித்தண்ணீர் கொடுத்தாள். அதில் வெள்ளைப் பூப்பு கரைந்தது. பிறகு பிராஸோ பாலீஷும் பழைய பனியன் துணியும். நாலு தேய்ப்பில் துணி கன்னங்கரேல் என்று ஆயிற்று. துணியை மாற்றினேன், அதுவும் கருத்தது.

சைக்கிள் கடை அண்ணாச்சி சிரித்தார். "ஏல, அது அழுக்கில்ல. அலுமினியந்தாம்ல அரஞ்சு வருது. விடிய விடியத் தேச்சாலும் கருப்பு நிக்காது."

அலுமினியமும் காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆகிறது. இரும்பின் துரு பொருக்காய் உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பைக் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தின் ஆக்சைடு இறுகப் பிடித்துக்கொண்டு காற்றை உள்ளே விடாது. சில நானோமீட்டர் தடிமன்தான். பாலீஷ் போடுவது அந்தத் தோலை உரிப்பதுதான். உரித்த கையோடு புதுத்தோல் கட்டத் தொடங்கிவிடும். உப்பு அதில் பலவீனமான இடம் பார்த்துத் துளைக்கிறது. இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எனக்குப் பளபளப்பு போதும்.

பிரேக் லிவர் மட்டும் மசியவில்லை. அதற்கு ஆனோடைஸ் பூச்சு. மின்சாரம் செலுத்தி வளர்த்த ஆக்சைடு, இயற்கையானதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தடிமன். அண்ணாச்சி ஓர் உடைந்த லிவரைக் காஸ்டிக் சோடா கரைத்த பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் காட்டினார். சாகுபுரத்தில் காஸ்டிக் தயாராகிற ஊர்ப்பக்கம் அது கிடைப்பது பெரிய காரியமில்லை. "கிட்ட வராதல, கண்ணு போயிரும்" என்று என்னைத் தள்ளி நிறுத்தினார். பொசபொசவென்று பொங்கியது, ஹைட்ரஜன் வாயு. எடுத்தபோது கரிச்சட்டி நிறம். கழுவி, வாட்டர் பேப்பரால் இழைத்து, பாலீஷ் போட்டதும் அதில் என் பல் தெரிந்தது. அழகுதான். ஆனாலும் கடற்கரை ஊரில் அந்தப் பூச்சை உரிப்பது வீண் என்பது என் கட்சி.

சித்தப்பா கார் மெழுகைத்தான் நம்பினார். மெல்லத் தடவி, காயவிட்டு, துணியால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றவேண்டும். ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் பக்கவாட்டில் மட்டும் விரல்கூடப் படக்கூடாது. மெழுகு பட்டால் பிரேக் வழுக்கும். அம்மா எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் என்பாள். எண்ணெயில் உப்பளத்துப் புழுதி அப்பிக்கொள்ளும்.

சித்தப்பாவுக்கு வயிறு முன்னால் வந்தபின் சைக்கிளை விற்றார். வாங்கியவர் கிராங்க், ஹேண்டில்பார், ரிம் என்று எல்லாவற்றுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டார். சித்தப்பா இரண்டு நாள் பேசவில்லை. சில்வர் பெயிண்டில் மினுங்குவதும் அலுமினியத் தூள்தான். "ஒங்க மெழுக விட இது தாங்கும் வே" என்றார் அண்ணாச்சி.