கிரீடமும் கேம்பஸ் இன்டர்வியூவும்

அழகிப் போட்டியில ஜெயிச்சா அடுத்தது சினிமாதான்னு ஒரு நம்பிக்கை இருக்குங்க. 1994-ல சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகின்னு ஒரே வருஷத்துல ரெண்டு கிரீடம் வந்துச்சே, அப்போ பிடிச்ச ஜுரம். ஐஸ்வர்யாவுக்கு முதல் படம் நம்ம 'இருவர்' (1997). 2000-ல உலக அழகியான பிரியங்கா சோப்ராவுக்கும் முதல்ல வெளியானது 'தமிழன்' (2002) தான். விஜய் ரசிகர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :)

ஆனா எனக்கு த்ரிஷா கதைதான் முக்கியமாப் படுது. 1999-ல மிஸ் சென்னை. அதே வருஷம் வந்த 'ஜோடி'யில சிம்ரனுக்குத் தோழி, தேடித்தான் கண்டுபிடிக்கணும். முதல்ல ஒப்புக்கிட்ட 'லேசா லேசா' தள்ளித் தள்ளிப் போய் 2003-லதான் வந்தது. அதுக்குள்ள 2002 கடைசியில 'மௌனம் பேசியதே' வந்து கதாநாயகி ஆயிட்டாங்க. ஆக மூணு வருஷம்! எங்க பொட்டி தட்டுற பாஷையில, கேம்பஸ்ல செலக்ட் ஆகியும் பெஞ்ச்ல உக்கார்ற கதை. பெஞ்ச்ல எங்களுக்காவது சம்பளம் வரும்.

இப்ப எதுக்கு இதுன்னா, இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற என் சித்தி பொண்ணு ஒரு போட்டிக்குப் பேர் கொடுக்கப் போறாளாம். நுழைவுக் கட்டணம் இருபதாயிரம், போட்டோ ஷூட்டுக்குத் தனி. "ஜெயிச்சா படத்துல சான்ஸ்ணா"ங்கறா. எந்தப் படம், யார் டைரக்டர், எழுதிக் கொடுத்திருக்காங்களான்னு கேட்டேன். முறைச்சா.

பொண்ணு கெட்டிக்காரி, மேடை பயம் கிடையாது. சித்தப்பாகிட்ட நான்தான் பேசணுமாம். பேசுறேன்னு சொல்லியிருக்கேன், காசு கேக்காத போட்டியா ஒண்ணு பார்த்துட்டு வந்தா.