இரண்டு வாசிகசாலைகள்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பாழடைந்து வரும் சனசமூக நிலையங்களைப் படம் பிடிப்பதென்று நாம் புறப்பட்டபோது, எவற்றைப் பிடிக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயம் இருக்கவில்லை. முகப்பில் ஆண்டு பொறித்த சிறு மண்டபம். உள்ளே நீண்ட மேசை. இரு மருங்கும் வாங்கு. 'வீரகேசரி'யும் 'தினகரனு'ம், 1959 க்குப் பின்னர் 'ஈழநாடு'ம் விரிந்து கிடந்த மேசை அது. கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறிய 1953 இல், நாட்டு நடப்பைச் சாதாரண கமக்காரனும் தன் நடப்பாக எண்ணிப் பேசிய இடங்கள் இவை.

1990, 91 இல் போர் தீவுகளை வெறுமையாக்கியது. போனவர்களிற் பலர் திரும்பவில்லை. ஓடுகள் சரிந்தன, பனஞ்சிலாகைகளைக் கறையான் தின்றது. சில இடங்களில் புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணத்தில் சுவர்கள் புதுவர்ணம் பெற்றுள்ளன. வர்ணத்துக்குப் பணம் வருகிறது, வாசிக்கத்தான் ஆளில்லை.

புங்குடுதீவில் அத்தகைய மண்டபம் ஒன்றின் முன் நாம் கமராவைச் சரிசெய்துகொண்டு நின்றோம். பழைமை என்றாலே உள்ளம் கசியும் பலவீனம் எமக்கும் உண்டு. வழியால் வந்த முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பியவை, இதைத்தான் எடுக்கிறியளோ? எங்கடையை எடுக்கேல்லையோ?"

எமக்கு விளங்கவில்லை.

"உதுக்குள்ளை நாங்கள் ஒருநாளும் இருந்து பேப்பர் பாத்ததில்லை. வெளியிலை நிண்டு, ஆரும் உரத்து வாசிச்சால் கேக்கிறதுதான்."

ஊர் முழுவதும் கூடி அமர்ந்த மண்டபம் என்றல்லவா எமது குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தோம்! அதனை அவ்விடத்திலேயே வெட்டினோம்.

அவர் அழைத்துச் சென்ற இடத்தில் ஓர் அத்திவாரமும் அரைச் சுவரும் எருக்கலையுமே எஞ்சியிருந்தன. சீவல் தொழிலில் மிஞ்சிய சதங்களைச் சேர்த்து அவர்களே கல் சுமந்து கட்டியது, கூரை கிடுகு. சாதிக் கொடுமைக்கெதிராக 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தில், பொலிசாரின் அடியையும் பொருட்படுத்தாது நடந்தவர்களில் தாமும் ஒருவர் என்றார். அப்போது அவருக்கு இருபது வயது. ஊர்வலச் செய்தியை இங்கேதான் முதலில் வாசித்தாராம்.

படம் பிடிக்கக் கட்டடம் இல்லை. எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும் வெயிலும் எருக்கலையுமே தெரிந்தன. நாம் தயங்குவதைக் கண்டு அவரே அத்திவாரத்தின்மேல் ஏறினார். இடுப்பிற் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்து உதறித் தோளில் இட்டார்.

மேசை எங்கே இருந்தது என்று கேட்டோம். இரண்டடி விலகி நின்று, காலால் இடத்தைக் காட்டினார்.